சுருள்குழாய் வண்டி வந்தால் புதுக் கிணறா? டெல்டாவைக் குழப்பும் ஒரு தொழில்நுட்பம்

அடியக்கமங்கலம், கமலாபுரம், நன்னிலம், குத்தாலம் சுற்றுவட்டாரத்தில் வயலுக்கு நடுவே கம்பிவேலி போட்ட எண்ணெய், எரிவாயுக் கிணறுகளைப் பார்க்காதவர்கள் இருக்க முடியாது. சில கிணறுகள் மாதக்கணக்கில் ஆள் நடமாட்டமே இல்லாமல் கிடக்கும். திடீரென்று ஒருநாள் நாலைந்து கனரக வண்டிகள் வந்து நிற்கும். ஒன்றில் ஆள் உயரத்தைத் தாண்டும் இரும்புச் சக்கரம், அதில் வரிவரியாகச் சுற்றிய குழாய். இன்னொன்று கிரேன். மூன்றாவது ஒரு டேங்கர். வேலை தொடங்கியதும் அதைச் சுற்றி வெள்ளைப் புகை கிளம்பும். ஊருக்குள் "மறுபடி போர் போட வந்துட்டாங்க" என்று பேச்சு பரவும், வாட்ஸ்அப்பில் படம் ஓடும். நிறுவனத் தரப்பிலிருந்து "வழக்கமான பராமரிப்புப் பணி" என்று ஒரு வரி வரும். அதற்கு மேல் விளக்கம் வராது.

சக்கரத்தில் சுற்றிய அந்தக் குழாய்க்குப் பெயர் காயில்டு டியூபிங். தமிழில் சுருள்குழாய் என்றே சொல்லலாம். பழைய கிணற்றைச் சுத்தம் செய்யவும் அதைப் பயன்படுத்தலாம், பழைய கிணற்றின் பக்கவாட்டில் புதிய துளை போடவும் பயன்படுத்தலாம். ஆகவே வண்டியைப் பார்த்து எதையும் முடிவு செய்ய முடியாது. குழாயின் நுனியில் என்ன கருவி மாட்டியிருக்கிறது, அது எந்த அனுமதியின் பேரில் உள்ளே போகிறது என்ற இரண்டு கேள்விகளுக்குத்தான் பதில் வேண்டும். அந்தக் கேள்விகளைச் சரியாகக் கேட்க, கிணற்றின் அமைப்பிலிருந்து தொடங்க வேண்டும்.

எண்ணெய்க் கிணறு: உள்ளே என்ன இருக்கிறது?

நிலத்தில் துளையிட்டுக்கொண்டே போகும்போது, குறிப்பிட்ட ஆழங்களில் எஃகுக் குழாயை இறக்கி, அதற்கும் மண்ணுக்கும் இடையில் சிமெண்ட் நிரப்புவார்கள். இந்தக் குழாய் கேசிங். மேலே அகலமாகவும் கீழே போகப்போகக் குறுகலாகவும் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு, மூன்று அடுக்கு கேசிங் இருக்கும். நமது குடிநீரும் பம்ப்செட் தண்ணீரும் வரும் மேல்மட்ட மணல் அடுக்குகளைக் கிணற்றிலிருந்து பிரித்து வைப்பது இந்தக் கேசிங்கும் சிமெண்டும்தான். நிலத்தடி நீர் கெடுமா என்ற கேள்விக்கான பதிலில் பெரும்பகுதி இங்கேதான் இருக்கிறது.

கடைசிக் கேசிங்குக்குள் அதைவிடச் சிறிய குழாய் ஒன்று தொங்கும். அது உற்பத்திக் குழாய், அதாவது டியூபிங். எண்ணெயும் வாயுவும் மேலே வருவது இதன் வழியே. கீழே எண்ணெய் உள்ள பாறைக்கு நேராகக் கேசிங்கில் வெடித்துளைகள் போட்டிருப்பார்கள். அதற்குப் பெர்ஃபரேஷன் என்று பெயர். மேலே, வேலிக்குள் நாம் பார்க்கும் வால்வுகளின் அடுக்குக்குக் கிறிஸ்துமஸ் ட்ரீ என்று பெயர்.

காவிரிப் படுகையில் ஓஎன்ஜிசி 1960களிலிருந்து துளையிட்டு வருகிறது. முதல் ஆழக் கிணறு காரைக்காலில் 1964இல் தொடங்கியது. நிலவியலாளர்கள் இங்குள்ள பாறை அடுக்குகளுக்கு நம் ஊர்ப் பெயர்களையே வைத்திருக்கிறார்கள். நன்னிலம் படிவம், கமலாபுரம் படிவம், ஆண்டிமடம் படிவம், குடவாசல் களிப்பாறை, நிரவி மணற்பாறை என்று உலகத்து எண்ணெய் ஆய்வுக் கட்டுரைகளிலெல்லாம் இந்தப் பெயர்கள் வரும். ஊர்க்காரர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்பது வேறு கதை.

கிணறு ஏன் படுத்துவிடுகிறது?

பல ஆண்டுகள் ஓடிய கிணறு ஒருநாள் குறைந்து, பிறகு நின்றுபோகும். கீழே எண்ணெய் தீர்ந்துவிட்டது என்று அதற்குப் பொருள் இல்லை. வழக்கமான காரணங்கள் இவை:

1. மணற்பாறை சிதைந்து மணல் உள்ளே வந்து, வெடித்துளைகளை மூடிவிடும்.
2. உப்புப் படிவு குழாயின் உட்சுவரில் கட்டித்துப்போகும். மெழுகு கூடுதலாக உள்ள எண்ணெயாக இருந்தால் மெழுகும் உறையும்.
3. துளையிட்டபோது உள்ளே போன சேறு, நுண்துகள் கிணற்றை ஒட்டிய சில அடிப் பாறையை அடைத்திருக்கும்.
4. பாறையிலிருந்து எண்ணெயோடு சேர்ந்து தண்ணீர் வரத் தொடங்கும்.

நான்காவதைக் கொஞ்சம் கணக்கோடு பார்க்கலாம். 10 மீட்டர் உயரத் தண்ணீர் ஏறக்குறைய 1 பார் அழுத்தம் தரும். 2,000 மீட்டர் ஆழக் கிணறு முழுக்கத் தண்ணீர் நின்றால் அடியில் 200 பார் அழுத்தம் உட்கார்ந்திருக்கும். பாறையின் அழுத்தம் ஆதியில் 210 பார் இருந்தபோது அது தண்ணீரைத் தள்ளிக்கொண்டு மேலே வந்தது. இப்போது 160 ஆகக் குறைந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். 1,600 மீட்டர் நீர்த்தூணைத்தான் அதனால் தாங்க முடியும். தரைக்கு 400 மீட்டர் கீழே தண்ணீர் நின்றுகொள்ளும், கிணறு செத்த கிணறு போலத் தெரியும். அடியில் வாயு இருந்துகொண்டேதான் இருக்கும்.

ரிக் கொண்டுவந்தால் என்ன?

பழைய வழி ஒர்க்ஓவர் ரிக். கோபுரம் போன்ற சட்டத்தைக் கிணற்றின் மேல் நிறுத்தி, முதலில் கிணற்றைக் "கொல்ல" வேண்டும். அதாவது, பாறையின் அழுத்தத்தைவிட அதிக அழுத்தம் தரும் கனமான உப்புக்கரைசலை உள்ளே நிரப்பி வாயு மேலே வராமல் அடக்க வேண்டும். பிறகு வால்வு அடுக்கைக் கழற்றி, உற்பத்திக் குழாயை ஒவ்வொரு துண்டாகத் திருகி வெளியே எடுக்க வேண்டும். ஒரு துண்டு சுமார் 9 மீட்டர். 3,000 மீட்டர் கிணற்றில் முந்நூற்றுச் சொச்சம் துண்டுகள். வேலை முடிந்ததும் அதே முந்நூற்றையும் திரும்பத் திருகி இறக்க வேண்டும்.

நாட்களும் பணமும் போவது ஒரு பக்கம். கொல்வதற்கு ஊற்றிய கரைசல் பாறைக்குள் இறங்கி, வரவேண்டிய எண்ணெயின் வழியையே அடைத்துவிடும் ஆபத்து இன்னொரு பக்கம். அழுத்தம் குறைந்த வயதான கிணறுகளில் இது அடிக்கடி நடப்பது. சரிசெய்யப் போய்க் கிணறு மேலும் மந்தமாகும்.

சுருள்குழாய் இந்த இரண்டையும் தவிர்க்கிறது. கிணற்றைக் கொல்லாமலேயே, அழுத்தம் இருக்கும்போதே, உற்பத்திக் குழாயை அசைக்காமல் அதற்குள்ளேயே மெல்லிய குழாயை இறக்கிவிடலாம். திருகு இணைப்பே இல்லாத ஒரே நீளக் குழாய் என்பதால் திருகும் வேலையும் இல்லை. நிமிடத்துக்கு 15, 20 மீட்டர் வேகத்தில் இறக்கினால் 3,000 மீட்டரை ஏறக்குறைய மூன்று மணி நேரத்தில் தொட்டுவிடலாம்.

வண்டியில் என்னென்ன இருக்கிறது?

1. சுருள் சக்கரம், அதாவது ரீல். பழுது பார்க்கும் வேலைகளுக்கு 1¼ முதல் 2 அங்குல வெளிவிட்டக் குழாய் வழக்கம். ஒன்றரை அங்குலக் குழாய் மீட்டருக்குச் சுமார் 2.7 கிலோ, 3,000 மீட்டர் சுற்றினால் குழாய் மட்டும் 8 டன்னைத் தாண்டும். சக்கரமும் லாரியும் இதில் சேராது. வாய்க்கால் மேல் கட்டிய சின்னப் பாலங்கள் இந்தப் பாரத்துக்குக் கட்டப்பட்டவையா என்று ஊர்க்காரர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது.

2. வளைவு வழிகாட்டி. களத்தில் கூஸ்நெக் என்பார்கள். சக்கரத்திலிருந்து வரும் குழாயை வளைத்துக் கிணற்றுக்கு நேராகத் திருப்பிவிடும்.

3. இன்ஜெக்டர். முழு அமைப்பின் உயிர் இதுதான். எதிரெதிரே சுழலும் இரண்டு சங்கிலிகள், அவற்றில் குழாயின் வளைவுக்கு ஏற்பக் குடைந்த பிடிக்கட்டைகள். இரு பக்கமும் ஹைட்ராலிக் அழுத்தத்தில் குழாயை இறுக்கிப் பிடித்துக் கீழே தள்ளும், மேலே இழுக்கும். வேலையின் தொடக்கத்தில் கிணற்றின் அழுத்தம் குழாயை வெளியே தள்ளப் பார்க்கும். அப்போது தள்ளி இறக்க வேண்டும். ஆழம் போகப்போகக் குழாயின் எடையே இழுக்கும். அப்போது பிடித்து நிறுத்த வேண்டும்.

4. ஸ்ட்ரிப்பர். இன்ஜெக்டருக்குக் கீழே குழாயைச் சுற்றி இறுக்கும் ரப்பர் அடைப்பு. குழாய் நகர்ந்துகொண்டே இருக்க, வாயு வெளியே வராமல் தடுப்பது இதுதான். உரசி உரசித் தேயும். மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

5. வெடிப்புத் தடுப்பான், அதாவது பிஓபி. மேலிருந்து கீழாக நான்கு கதவுகள்: குழாய் இல்லாதபோது வாயை முழுக்க மூடுவது, குழாயை வெட்டுவது, குழாயைப் பிடித்து நிறுத்துவது, குழாயைச் சுற்றி அடைப்பது. ஸ்ட்ரிப்பர் கைவிட்டால் கடைசி இரண்டும் முதலில் மூடப்படும். நிலைமை கைமீறினால் குழாயை வெட்டிவிட்டு வாயை மூடுவார்கள்.

இவற்றோடு ஹைட்ராலிக் இன்ஜின் ஒன்றும் கட்டுப்பாட்டு அறை ஒன்றும் இருக்கும். அறையில் இருப்பவர் கண் வைப்பது முக்கியமாக மூன்று எண்களில்: ஆழம், எடை, அழுத்தம். சில நூறு மீட்டருக்கு ஒருமுறை இறக்குவதை நிறுத்திக் கொஞ்சம் மேலே இழுத்துப் பார்ப்பார். எடை எதிர்பார்த்ததைவிட அதிகமாகக் காட்டினால் கீழே எங்கோ குழாய் பிடிபடுகிறது என்று பொருள். பார்ப்பவர்களுக்கு வேலை நின்றுபோனதாகத் தெரியும் அந்த நிமிடங்கள்தான் ஜாக்கிரதையான நிமிடங்கள்.

வரலாறு சுருக்கமாக: இரண்டாம் உலகப் போரின்போது, 1944இல், பிரிட்டனிலிருந்து பிரான்ஸுக்குக் கடலடியில் எரிபொருள் கொண்டுபோக, மிதக்கும் ராட்சத உருளைகளில் எஃகுக் குழாயைச் சுற்றிக் கடலில் விரித்தார்கள். கிணற்றுக்குள் இறக்கும் முதல் சுருள்குழாய் வண்டி 1962இல் அமெரிக்காவில் வந்தது. மெக்சிகோ வளைகுடாக் கரைக் கிணறுகளில் அடைத்த மணலைக் கழுவுவதே அதன் முதல் வேலை.

நைட்ரஜன்: அந்த வெள்ளைப் புகை என்ன?

டெல்டாவில் போர்வெல் போட்டவர்களுக்கு இதைப் புரிந்துகொள்வது சுலபம். தூர்ந்துபோன போரில் கம்ப்ரசர் ஹோஸை விட்டு ஃபிளஷ் செய்யும்போது, காற்று தண்ணீரைக் கலக்கி இலேசாக்கி மேலே தூக்கி எறிகிறது; பிறகு ஊற்று தானாகத் திறந்துகொள்கிறது. எரிவாயுக் கிணற்றில் நடப்பதும் இதேதான். ஆனால் அங்கே காற்றை விட முடியாது. காற்றிலுள்ள ஆக்சிஜனும் கிணற்றின் வாயுவும் கலந்தால் வெடிக்கும். அதனால் எரியாத, எதோடும் எளிதில் வினைபுரியாத நைட்ரஜன்.

டேங்கரில் வருவது திரவ நைட்ரஜன், வெப்பநிலை மைனஸ் 196 டிகிரி செல்சியஸ். ஒரு லிட்டர் திரவம் ஆவியானால் ஏறக்குறைய 700 லிட்டர் வாயு. அதைப் பம்ப் செய்து, சூடாக்கி வாயுவாக்கிச் சுருள்குழாய் வழியே கீழே அனுப்புவார்கள். முதலில் கொஞ்ச ஆழத்தில், பிறகு படிப்படியாக இன்னும் ஆழத்தில். நீர்த்தூண் இலேசாகும், அடி அழுத்தம் 160 பாருக்குக் கீழே இறங்கும், பாறையிலிருந்து வாயு தள்ளத் தொடங்கும்.

டேங்கரைச் சுற்றித் தெரியும் புகை பெரும்பாலும் காற்றின் ஈரம்தான். கடும் குளிரில் பனித்துளியாகித் தெரிகிறது. நாம் சுவாசிக்கும் காற்றில் 78 சதவீதம் நைட்ரஜனே. அதற்காக ஆபத்தே இல்லை என்றும் சொல்லக்கூடாது. பள்ளமான, மூடிய இடத்தில் குளிர்ந்த நைட்ரஜன் தேங்கினால் ஆக்சிஜனைத் தள்ளிவிடும். அறிகுறி எதுவும் இல்லாமல் ஆள் மயங்கி விழுவார். கிணற்று வாயைச் சுற்றிக் கட்டியிருக்கும் தொட்டிப் பள்ளத்துக்குள் வேடிக்கை பார்க்க யாரையும் விடக்கூடாது என்பது இதனால்தான்.

கிணறு "எழுந்த" பிறகு முதலில் வரும் கலவையைத் தனி லைனில் திருப்பி, வாயுவை எரித்துவிடுவார்கள். இரவில் தெரியும் அந்தத் தீச்சுவாலை பலரைப் பயமுறுத்துகிறது. எரியாமல் அப்படியே விட்டால்தான் நிலைமை மோசம்.

மணலைக் கழுவுவதில் ஒரு சிக்கல்

மணல் சுத்திகரிப்பு கேட்பதற்கு எளிது. குழாய் நுனியில் நாசில் மாட்டி, நீரைப் பீய்ச்சி மணலைக் கலக்கி மேலே கொண்டுவருவது. ஆனால் கலக்குவது பெரிய காரியமில்லை, மேலே கொண்டுவருவதுதான் பெரிய காரியம்.

ஒன்றரை அங்குலச் சுருள்குழாய், 2.44 அங்குல உள்விட்டமுள்ள உற்பத்திக் குழாய்க்குள் இருக்கும்போது இடைவெளி குறுகலாக இருக்கும். நீர் வேகமாக ஏறி மணலைத் தூக்கும். உற்பத்திக் குழாயின் முனையைத் தாண்டி 7 அங்குலக் கேசிங்குக்குள் இறங்கியதும், அதே இடைவெளியின் பரப்பு பத்து மடங்கு ஆகிறது. பம்ப் அதே அளவே தந்தால் நீரின் வேகம் பத்தில் ஒன்றாகக் குறையும். மணல் பாதி வழியில் நின்று, திரும்ப அடியில் இறங்கிச் சுருள்குழாயையே மூடிப் பிடித்துக்கொள்ளும். அதனால்தான் வெறும் நீருக்குப் பதிலாக நுரை, கெட்டியான ஜெல், நைட்ரஜன் கலந்த நீர் என்று மாற்றுகிறார்கள். கொஞ்சம் இறக்கி, மணல் முழுக்க மேலே வந்துவிட்டதா என்று பார்த்து, மறுபடி கொஞ்சம் இறக்குவது. அவசரப்பட்ட குழு மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

அமிலம்: கேட்க வேண்டிய கேள்வி வேறு

பாறையின் துளைகளைத் திறக்க அமிலம் செலுத்துவதும் வழக்கமான வேலை. சுண்ணப் பாறைக்கு 15 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலம். மணற்பாறைக்கு ஹைட்ரோகுளோரிக், ஹைட்ரோஃப்ளோரிக் கலவை, 12:3 என்ற சதவீதத்தில். இரண்டாவது, தோலில் பட்டால் எலும்பு வரை இறங்கும் சாமான். சுருள்குழாயின் நன்மை, அமிலத்தை வேண்டிய ஆழத்தில் மட்டும் வைக்கலாம். கிணற்றின் முழு நீளமும் அமிலத்தில் நனைய வேண்டியதில்லை.

"அமிலம் நம் குடிநீருக்கு வந்துவிடுமா" என்றே எல்லோரும் கேட்கிறோம். ஆயிரக்கணக்கான அடி கீழே பாறைக்குள் போன அமிலம் அங்கேயே வினைபுரிந்து உப்பாகிவிடும். அது நேராக மேலே ஏறிவருவதற்குக் கேசிங்கோ சிமெண்டோ கெட்டிருக்க வேண்டும். என் மதிப்பீட்டில் டெல்டாவுக்கு அதைவிட அருகில் இருக்கும் அபாயம், வேலை முடிந்து மேலே திரும்பி வரும் கழிவு நீர். அதில் வினைபுரிந்த அமிலத்தின் மிச்சம், எண்ணெய், ஆழத்துப் பாறையின் கடும் உப்பு எல்லாம் இருக்கும். அதைத் தேக்கும் குழிக்குத் தார்ப்பாய் போட்டிருக்கிறதா, மழையில் நிரம்பி வழியுமா, எந்த டேங்கரில் எங்கே போகிறது? ஐப்பசி, கார்த்திகையில் சம்பா பயிர் நிற்கும்போது குழி உடைந்து வாய்க்காலில் கலந்தால், பாதிப்பு அன்றைக்கே தெரியும். இது தொழில்நுட்பக் கேள்வி கூட இல்லை, கண்காணிப்புக் கேள்வி.

2017 ஜூன் 30 அன்று கதிராமங்கலத்தில் நடந்ததையும் இங்கே நினைவில் வைக்க வேண்டும். அங்கே பிரச்சினை வெடித்தது கிணற்றுக்குள் நடந்த வேலையால் இல்லை. வயல் வழியே எண்ணெய் கொண்டுபோகும் குழாய் கசிந்தது. எத்தனை நவீன சுருள்குழாய் வந்து கிணற்றைச் சரிசெய்தாலும், வெளியே பல ஆண்டுகளாகத் துருப்பிடிக்கும் குழாய்ப்பாதைக்கு அதனால் ஒரு நன்மையும் இல்லை. கிணற்றில் உற்பத்தி கூடினால் அந்தப் பாதையில் ஓட்டம் கூடும் என்பதுதான் விளைவு.

குழாய் களைத்துப்போகும்

ஒரு முறை இறக்கி ஏற்றுவதில் சுருள்குழாய் ஆறு முறை வளைந்து நிமிர்கிறது. சக்கரத்திலிருந்து நிமிரும், வழிகாட்டியில் வளையும், இன்ஜெக்டரில் நிமிரும். திரும்பும்போது இதே மூன்றும் தலைகீழாக. 2.4 மீட்டர் விட்டச் சக்கரத்தில் 38 மில்லிமீட்டர் குழாயைச் சுற்றினால் அதன் வெளிப்புற உலோகம் ஏறக்குறைய 1.6 சதவீதம் நீள்கிறது. எஃகு நிரந்தரமாக உருமாறாமல் தாங்கக்கூடிய நீட்சி 0.3 சதவீத அளவே. அதாவது ஒவ்வொரு முறையும் அதைப் போல ஐந்து மடங்கு வளைத்து நிமிர்த்துகிறோம். எஃகுக் கருவிகளைப் பொதுவாக இப்படி நடத்துவதில்லை.

உள்ளே அழுத்தத்தோடு வளைத்தால் களைப்பு இன்னும் சீக்கிரம் சேரும். குழாய் மெல்ல மெல்ல ஊதி விட்டம் பெருக்கும், சுவர் மெலியும். அதனால் ஒவ்வொரு சுருளுக்கும் ஒரு கணக்கு வைக்கிறார்கள்: எந்த மீட்டர் எத்தனை முறை, எத்தனை அழுத்தத்தில் வளைந்தது, அமிலம் பட்டதா, எங்கே பற்றவைப்பு இருக்கிறது என்று. கணக்கு எல்லையைத் தொட்டால், பார்க்கப் புதிது போலப் பளபளத்தாலும் அந்தச் சுருளை ஒதுக்கிவிட வேண்டும். பாதுகாப்பு ஆய்வாளர் ஒருவர் தளத்துக்கு வந்தால் முதலில் கேட்க வேண்டிய காகிதம் இதுதான்.

இன்னொரு எல்லையும் உண்டு. சாய்வாகவோ படுக்கையாகவோ போகும் கிணற்றில் மேலிருந்து தள்ளத் தள்ள, மெல்லிய குழாய் முதலில் நெளியும், பிறகு கேசிங் சுவரை ஒட்டித் திருகுசுருளாக இறுகி நின்றுவிடும். அதற்கு மேல் எவ்வளவு தள்ளினாலும் நுனி நகராது.

அப்படியானால் இதை வைத்துத் துளையிட முடியுமா?

முடியும். சாதாரண ரிக்கில் குழாய் முழுவதும் சுழன்று, நுனியில் பாறையைத் துளைக்கும் பிட்டைச் சுழற்றும். சக்கரத்தில் சுற்றிய குழாயைச் சுழற்ற முடியாது. ஆகவே நுனியில் ஒரு மோட்டார் மாட்டி, மேலிருந்து பம்ப் செய்யும் திரவத்தின் வேகத்திலேயே பிட்டை மட்டும் சுழற்றுவார்கள். அலாஸ்காவின் புருடோ பே வயலில் 1990களிலிருந்து பழைய கிணறுகளின் கேசிங் சுவரை ஜன்னல் போல வெட்டித் திறந்து புதிய கிளைத் துளைகளை இப்படிப் போட்டிருக்கிறார்கள். கனடாவின் ஆல்பர்ட்டாவில் ஆழமில்லாத வாயுக் கிணறுகளையே முழுக்கச் சுருள்குழாயால் துளைத்திருக்கிறார்கள்.

ஆனால் 2,000 மீட்டரைத் தாண்டும் புதிய கிணற்றைத் தரையிலிருந்து தொடங்கிப் போட இந்த வண்டி போதாது. அகலமான மேல்துளை வேண்டும், கனமான கேசிங் இறக்க வேண்டும். அதற்குப் பெரிய ரிக்தான் வேண்டும். களத்தில் பார்த்து ஓரளவு அடையாளம் காண்பதென்றால்:

1. சுருள் வண்டியும் நைட்ரஜன் டேங்கரும் மட்டும் வந்து, சில நாட்களில் கிளம்பினால், அது கிணற்றை எழுப்பும் அல்லது கழுவும் வேலையாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.
2. அமில டேங்கரும் திரும்பிவரும் நீருக்கான தொட்டிகளும் சேர்ந்து வந்தால், பாறையைத் திறக்கும் வேலை.
3. மோட்டார், பிட், சேறு கலக்கும் தொட்டிகள், பாறைத்தூளைப் பிரிக்கும் சல்லடை எல்லாம் வந்தால் துளையிடுகிறார்கள். பாறைத்தூள் வெளியே வருவதை மறைக்க முடியாது.
4. உயர் அழுத்தப் பம்ப் லாரிகள் வரிசையாக நின்று, மணல் மூட்டைகளும் பெரும் நீர்த்தேக்கமும் இருந்தால் அது நீரியல் விரிசல் வேலை, அதாவது உயர் அழுத்த நீரால் பாறையைப் பிளப்பது. சுருள்குழாய் அதிலும் துணைக்கு வரும். ஆனால் சுருள்குழாய் வந்ததாலேயே விரிசல் வேலை என்று ஆகாது.

சட்டம் எங்கே நிற்கிறது?

தமிழ்நாடு பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டல மேம்பாட்டுச் சட்டம் 2020 பிப்ரவரியில் வந்தது. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களோடு கடலூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் சில ஒன்றியங்களும் அதில் அடங்கும். பின்னர் நாகையிலிருந்து பிரிந்த மயிலாடுதுறையும் இந்த நிலப்பரப்பிலேயே இருக்கிறது. எண்ணெய், இயற்கை எரிவாயு, மீத்தேன், ஷேல் வாயு ஆகியவற்றைத் தேடுவது, துளையிடுவது, எடுப்பது மூன்றும் தடைப் பட்டியலில் உள்ளன. ஆனால் சட்டம் வருவதற்கு முன்பே நடந்துகொண்டிருந்த திட்டங்களை அது தொடாது. காரைக்கால் புதுச்சேரி ஒன்றியப் பிரதேசம். இந்தச் சட்டம் அங்கே செல்லாது. ஒரே படுகை, ஒரே பாறை, நடுவில் எல்லைக்கோடு.

ஒன்றிய அரசின் பக்கம், 2016இல் வந்த உரிமக் கொள்கை ஒரே உரிமத்தின் கீழ் எல்லா வகை ஹைட்ரோகார்பனையும் எடுக்க வழிசெய்தது. 2020 ஜனவரியில் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை திருத்தப்பட்டு, ஆய்வுத் துளையிடலுக்குப் பொதுமக்கள் கருத்துக்கேட்பு வேண்டியதில்லை என்றானது. இந்தப் பின்னணியில் "பராமரிப்பு" என்ற சொல்லை ஊர்க்காரர்கள் சந்தேகத்தோடு பார்ப்பது இயல்பு.

பழைய கிணற்றில் மணல் கழுவுவது, நைட்ரஜன் விடுவது பராமரிப்பு என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. பழைய கேசிங்கில் ஜன்னல் வெட்டிப் பக்கத்துப் பாறைக்குப் புதுக் கிளை போடுவது பராமரிப்பு இல்லை. மேலே அதே வேலி, அதே வால்வு என்பதால் கீழே நடப்பது துளையிடல் இல்லை என்று ஆகிவிடாது. இந்த இரண்டுக்கும் நடுவே, அதே கிணற்றில் வேறோர் அடுக்குக்கு நேராகப் புதிய வெடித்துளை போடும் வேலை இருக்கிறது. வாதம் செய்ய இடமுள்ள பகுதி அதுதான். அதிகாரிகள் அறிக்கை விடும்போது இந்த மூன்றில் எது என்று ஒரு வரி சேர்த்தாலே பாதிச் சண்டை குறையும்.

அமைதிக் கூட்டங்களில் கேட்கக்கூடியவை: கிணற்றின் எண், வேலையின் வகை, குழாய் நுனியில் மாட்டும் கருவி, உள்ளே போகும் திரவத்தின் பெயரும் அளவும், திரும்பிவரும் திரவம் போய்ச் சேரும் இடம். கடைசியாக, இப்போதுள்ள துளையைத் தாண்டி ஓர் அடியாவது புதுப் பாறை துளைக்கப்படுமா என்பது. இதற்கு ஆம், இல்லை என்றே பதில் சொல்ல முடியும்.

மூடுவதற்கும் இதே வண்டி

திருவாரூர் மாவட்டத்தின் பெரியகுடிக் கிணறு பற்றிய விவாதத்தில் திறக்கிறார்களா, நிரந்தரமாக மூடுகிறார்களா என்ற கேள்வி எழுந்தது. மூடுவதாக இருந்தாலும் கனரக இயந்திரம் வந்தே ஆக வேண்டும். கிணற்றை மூடுவதென்றால் வால்வைத் திருகிப் பூட்டுவது இல்லை. வாயு உள்ள அடுக்குகளுக்கு மேலே, வெவ்வேறு ஆழங்களில் சிமெண்ட் அடைப்புகளை வைக்க வேண்டும். சுருள்குழாயை அந்த ஆழத்துக்கு இறக்கிச் சிமெண்ட் குழம்பைப் பம்ப் செய்துகொண்டே மெல்ல மேலே இழுப்பது அதற்கு வசதியான முறை. சிமெண்ட் இறுகிய பிறகு, குழாயால் அதைத் தொட்டு எடை வைத்துப் பார்ப்பார்கள், அழுத்தம் கொடுத்துச் சோதிப்பார்கள். அதன் பிறகே தரைக்குக் கீழே கேசிங்கை வெட்டித் தகடு போட்டு மூடுவது.

இந்தச் சோதனையின் முடிவு எழுத்தில் இருக்கும்; எந்த ஆழத்தில் எத்தனை மீட்டர் அடைப்பு, எத்தனை அழுத்தம் தாங்கியது என்று. குத்தகைக்கு விட்ட நிலத்தைத் திரும்ப வாங்கும் விவசாயி அதன் நகலைக் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது. மேலே கொட்டிய கிராவலையும் ஜல்லியையும் அள்ளி, குழியிலிருந்த மண்ணை மாற்றி, நாற்று விடும் நிலைக்குக் கொண்டுவருவது அதில் வராத தனி வேலை. அதற்கான உறுதி ஒப்பந்தத்தில் தனியாக எழுதியிருக்கிறதா என்று கையெழுத்துக்கு முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும்.